பிரகாசியின் தாடை

பிரகாசியின் இடது தாடை, ஹாலில் டிவி இருந்த இடத்தில், கண்ணாடித் தொட்டிக்குள் வளர்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் இதே கதைதான். முதலில் பிரகாசியின் முகத்தைப் பார்ப்பார்கள். பார்த்த கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொட்டிப் பக்கம் திருப்புவார்கள். அங்கே நீல வெளிச்சத்தில், உப்புத் தண்ணீருக்குள், பழுப்பும் பச்சையுமாகக் குட்டிக் குட்டி மொட்டுகளை விரித்துக்கொண்டு ஒரு வளைவு நிற்கும். "இது என்ன அண்ணாச்சி, மீனே இல்லாத தொட்டி?" என்று கேட்பார்கள். "அது எம் பொஞ்சாதி" என்பார் ரெமிஜியுஸ். அத்தோடு வந்தவருக்குக் காபி இறங்காது.

பிரகாசி யார் என்று தூத்துக்குடியில் அந்தத் தெருவில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். குழாயடியில் அவள் வாயைத் திறந்தால் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஐஸ் கம்பெனிக்காரன் எடையில் ஏமாற்றினான் என்று நடுரோட்டில் நின்று அவனுடைய ஏழு தலைமுறையையும் வரிசையாகக் கூப்பிட்டவள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் வாய்க்கு நாலு பிள்ளை பிழைத்திருக்கும். அந்த வாய்க்குள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வெற்றிலையும் புகையிலையும் குடியிருந்தன. ஒரு நாள் ஈறில் புண் வந்தது. புண் ஆறவில்லை. கடைசியில் இடது தாடையை எடுத்தால்தான் உயிர் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள்.

உயிர் தங்கியது, வாய் போய்விட்டது. கஞ்சி, பால், மிக்சியில் அடித்த சோறு. பேச்சு வெளியே வந்தால் பாதி எச்சில், பாதி காற்று. வீட்டுக்காரருக்கு மட்டும்தான் புரியும். அவருக்குப் புரிந்தபடியேதான் நானும் இங்கே எழுதுகிறேன். தெருவில் யாராவது "என்ன சொல்லுதா இவ?" என்று முகத்தைச் சுளித்தால் பிரகாசி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ரெமிஜியுஸுக்கு நெஞ்சே வெடித்துவிடும். துறைமுகத்தில் லாரி எடைபோடும் வேலை பார்த்த மனுஷன் அவர்; வேலைவிட்டு வீட்டுக்கு வந்தால் காலங்காலமாக ஏச்சு வாங்கியே பழகியவர். இந்த அமைதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அவள் மறுபடியும் ஏச வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

அப்படி இருக்கும்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் தமயந்தி இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார்.

"பவளத்துக்குக் கல்லு கட்டத் தெரியும். உங்க வீட்டம்மாவோட செல்லுக்கு எலும்பு கட்டத் தெரியும். ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்து வளர்த்திருக்கோம்" என்றார் டாக்டர். வலை மாதிரி ஒரு அச்சை மேசைமேல் வைத்தார். போன தாடையின் அதே அளவு, அதே வளைவு. "இதுமேல படர்ந்து படை படையா, அடுக்கு மேல அடுக்காக் கட்டும். ஒன்றரை வருஷத்துல முழுத் தாடை. உள்ள வச்சா உடம்பு அதைத் தள்ளாது. கடிக்கலாம், பேசலாம்."

"முன்ன மாதிரி பேசுவாளா டாக்டர்?"

"முன்ன எப்படிப் பேசுவாங்க?"

ரெமிஜியுஸ் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பிரகாசி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். தாடை போன பிறகு அவர் பார்த்த முதல் சிரிப்பு அது.

"எங்க வச்சு வளக்கப் போறீங்க?"

"உங்க வீட்ல."

"வீட்லயா! நான் கொசு மருந்தே சரியா அடிக்க மாட்டேனே டாக்டர்."

"இங்க வச்சுப் பார்த்தாச்சு. எல்லாம் செத்துப்போச்சு" என்றார் டாக்டர். "டியூட்டி மாறுறப்போ ஒருத்தர் ஊத்தினது அடுத்தவருக்குத் தெரியாது. ரெண்டு பேரும் ஊத்துவாங்க, இல்லன்னா ரெண்டு பேரும் விட்டுடுவாங்க. இதுக்கு ஒரே கை வேணும். அந்தத் தண்ணியிலதான் உயிரே இருக்கு. காரத்தன்மைன்னு சொல்லுவோம். கரைஞ்சு கிடக்கிற கல்லுச் சத்துன்னு வச்சுக்குங்க. பவளம் அதை எடுத்து எடுத்துத்தான் கட்டும். எடுக்க எடுக்கத் தண்ணியில குறையும். குறைஞ்சதை நீங்க ஊத்தி நிரப்பணும். எட்டுல நிக்கணும்."

"ஏழு ஆச்சுன்னா?"

"ஏழுலயே நின்னா பிரச்சனை இல்ல. இன்னிக்கு ஏழு, நாளைக்கு ஒன்பதுன்னு ஆடுச்சுன்னாதான் ஆபத்து. அன்னிக்குக் கட்டின படை பழைய படையோட ஒட்டாது. வெளிய ஒண்ணும் தெரியாது. என்னிக்காவது அழுத்திக் கடிக்கிறப்போ, வாயை அகலமாத் திறக்கிறப்போ, அந்த இடத்துல விட்டுடும்."

"படம் எடுத்தாத் தெரியாதா?"

"தலைமுடி அளவு. தெரியாது. அதனாலதான் உங்களை நம்புறோம். ஆடுச்சுன்னா மறைக்காம சொல்லிடுங்க, புதுசா ஆரம்பிச்சுக்கலாம்." பிறகு டாக்டர் பிரகாசியைப் பார்த்தார். "உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். வெத்தலை, புகையிலை மறுபடி தொட்டீங்கன்னா இந்தத் திட்டத்துலேர்ந்து பேரை எடுத்துடுவோம். அதுல மட்டும் இரக்கம் கிடையாது."

பிரகாசி கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

இப்படித்தான் தொட்டி வீட்டுக்கு வந்தது. ரெமிஜியுஸ் வேலையை விட்டார். காலையும் மாலையும் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தொட்டித் தண்ணீரை எடுத்து, ஆஸ்பத்திரி கொடுத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். தண்ணீர் நீலமாகும். எட்டாவது சொட்டில் மஞ்சளுக்கு மாற வேண்டும்; சொட்டுக் கணக்குதான் காரத்தின் கணக்கு. மாறினால் "மாதாவே" என்று மூச்சு விடுவார். பிறகு போத்தலில் இருக்கும் காரக் கரைசலை அளந்து ஊற்றுவார். எவ்வளவு ஊற்றினார், எத்தனையில் நிற்கிறது என்று போனில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். தொட்டிக்கு அடியில், மரப்பெட்டிக்குள், ஒரு வெள்ளை கேன். ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு ஈடாக அதிலிருந்து நல்ல தண்ணீர் ஒரு குழாய் வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரே கை என்றால் ஒரே கைதான். அவர் ஊரைவிட்டு நகரவில்லை. மும்பையில் அண்ணன் செத்தபோதுகூடப் போகவில்லை; அண்ணி இன்றுவரை பேசுவதில்லை. பிரகாசிக்கே ஒரு கட்டத்தில் எரிச்சல் வந்துவிட்டது.

"நான் ஒருத்தி இங்க உக்காந்திருக்கேன். நீரு என்னன்னா அந்த எலும்பையே பாத்துக்கிட்டு கெடக்கீரு."

"அதுவும் நீதானடி."

"அது நானில்ல. நான் இங்க பசியோட இருக்கவ."

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிரகாசி வெற்றிலையை விட்டுவிட்டாள் என்று சொன்னாலும் ரெமிஜியுஸ் நம்பவில்லை. அவளை அவருக்குத் தெரியும். அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்ப்பார். தலையணையை அமுக்கிப் பார்ப்பார். அந்தோணியார் படத்துக்குப் பின்னால் தடவிப் பார்ப்பார். ஒன்றும் கிடைக்கவில்லை. பாவம், திருந்திவிட்டாள் என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது.

கொஞ்ச நாளில் ஓர் அதிசயம் நடந்தது. தொட்டியில் எட்டு தானாகவே நிற்க ஆரம்பித்தது. வழக்கமான அளவை ஊற்றினால் ஒன்பதைத் தொடுகிறது. ரெமிஜியுஸ் அளவைக் கொஞ்சம் குறைத்தார். அப்போதும் நின்றது. இன்னும் குறைத்தார். ஒரு மூடி, அரை மூடி என்று வந்து, கடைசியில் பேருக்குக் கரைசலில் நாலு சொட்டு விட்டால் போதும் என்றாகிவிட்டது. தாடையோ, மழைக்குப் பிறகு வெண்டைச் செடி வளர்கிற மாதிரி வளர்ந்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டருக்கே ஆச்சரியம்.

"இவ்வளவு கெட்டியா ஒரு எலும்பும் வந்ததில்ல. அதுவும் இவ்வளவு கொஞ்சமா ஊத்தி! என்ன சார் செய்றீங்க?"

ரெமிஜியுஸுக்குத் தலை கால் புரியவில்லை. கைராசி என்று நினைத்துக்கொண்டார். தொட்டி வளர்க்கும் மற்ற குடும்பங்களையெல்லாம் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கூட்டினார்கள். அதில் இவரை எழுப்பிப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லாத மனுஷன். "கொஞ்சமா ஊத்துங்க, நெறையப் பாருங்க. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கை தட்டினார்கள். காயல்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஹாஜரா என்ற பெண் அதை அப்படியே உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். அவள் புருஷனுக்குக் குட்கா போட்டுத் தாடை போயிருந்தது. டாக்டர் எல்லாருடைய அளவையும் ரெமிஜியுஸ் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப் போவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறபோது ரெமிஜியுஸ் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். இருக்காதா பின்னே?

நெஞ்சை நிமிர்த்தினது அதிக நாள் நிலைக்கவில்லை. அடியில் இருந்த கேனின் குழாய் அடைத்துக்கொண்டது. வெள்ளையாகப் பாசி மாதிரி ஏதோ படிந்திருந்தது. கேனை வெளியே இழுத்து, கவிழ்த்துக் கழுவலாம் என்று சாய்த்தார். உள்ளே ஏதோ டங்கென்று உருண்டது. கையை விட்டு எடுத்தார். கொசுவலைத் துணியில் சுற்றிய, மூடி இல்லாத சுண்ணாம்பு டப்பி.

அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு மரப்பெட்டியின் மேல்பலகையில் அடிப்பக்கம் தடவினார். டேப் போட்டு ஒட்டிய பிளாஸ்டிக் பை. உள்ளே புகையிலையும் பாக்கும்.

வீடு முழுக்கத் தேடியவர் தேடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். தன் கையைத் தவிர வேறு கை அங்கே போகாது என்று நம்பியிருந்தார். சுண்ணாம்பு காய்ந்தால் கட்டியாகிவிடும், தண்ணீரில் கிடந்தால் பதம் மாறாது என்பது வெற்றிலை போடுகிற எல்லாருக்கும் தெரியும். அவள் போட்டாள். அது கரைந்தது. கரைந்தது சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் போனது. எட்டு நின்றதற்கு அதுதான் காரணம். கைராசியாம் கைராசி!

"ஏட்டி பிரகாசி!"

அவள் அடுக்களையிலிருந்து வந்தாள். அவர் கையில் இருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஜெபமாலையைத் தொட்டுத் தலையாட்டினியே, மாதா பேர்ல!"

"ஆட்டினேன்."

"உனக்காக அண்ணன் சாவுக்குப் போகலட்டி நான். வேலைய விட்டேன். நாள் முழுக்க இந்தத் தண்ணிய நக்கிக்கிட்டுக் கெடக்கேன். நீ அதுக்குள்ளயே கொண்டு ஒளிச்சு வச்சிருக்க. ஒனக்கு ரத்தம்தான் ஓடுதா?"

மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தார். பிரகாசியா மன்னிப்புக் கேட்பாள்? வாய் கோணினாலும் ஆள் அவள்தான்.

"எதைத் தின்னாலும் மண்ணு மாதிரி இருக்கு. பேசினா ஊரு மூஞ்சியச் சுளிக்கு. ஒரு வெத்தலையை மடக்கி இந்தப் பக்கம் வச்சா, அந்தக் கொஞ்ச நேரம் இது என் வாயா இருக்கு. நீரு புது எலும்பு வளக்கீரு. அது வர வரைக்கும் நான் எந்த வாய வச்சிக்கிட்டு இருக்க?"

"இனி தொட்டிப் பக்கம் வந்தேன்னா காலை ஒடிச்சிருவேன்!"

டப்பியைச் சாக்கடையில் வீசினார். கேனைத் தேய்த்துக் கழுவி நல்ல தண்ணீர் நிரப்பினார். அப்படியே சட்டையைப் போட்டுக்கொண்டு புன்னைக்காயலில் இருந்த சிநேகிதன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். தொட்டி வந்த நாளிலிருந்து அவர் வெளியே தங்கியது அதுதான் முதல் தடவை. கோபம் கண்ணை மறைத்துவிட்டது. சுண்ணாம்பு போன பிறகு நாலு சொட்டு எந்த மூலைக்குக் காணும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த நாலு சொட்டை விடக்கூட அங்கே கை இல்லை.

போன் அடித்தது. பிரகாசி. இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார். நேரில் முகத்தைப் பார்த்தால் அவருக்குப் புரியும். போனில் வெறும் காற்றும் எச்சிலும்தான் கேட்டது. அழுகிறாள், சமாதானத்துக்கு வருகிறாள் என்று நினைத்தார். "கெடட்டும்" என்று துண்டித்தார். பிறகும் அடித்துக்கொண்டே இருந்தது. போனை அணைத்துவிட்டார்.

மறுநாள் ராத்திரி கோபம் ஆறி வீட்டுக்கு வந்தவர் நேராகத் தொட்டிக்குப் போனார். மொட்டுகள் எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. குழாயில் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்தை விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது சொட்டில் மஞ்சள்.

ஐந்து!

கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததா? மைக்கில் பேசிய மனுஷன். ஆனால் மூழ்குகிற பிள்ளையைப் பார்த்தவனிடம் போய் மெதுவாக நீந்து என்று யார் சொல்வது? போத்தலைத் திறந்தார், அப்படியே கவிழ்த்தார். தொட்டித் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்தது. வெளுப்பு அடங்கியபோது, மோவாய் முடிகிற இடத்தில், சதை உரிந்து ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கல் தெரிந்தது. சொட்டு விட்டுப் பார்த்தார். பதினொன்று.

ரெமிஜியுஸ் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பிரகாசி அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள், கிட்டே வரவில்லை.

அழுது ஓய்ந்து, அணைத்து வைத்திருந்த போனைப் போட்டதும் அது சத்தம் போட்டது. இன்றைய எண் என்ன என்று ஆஸ்பத்திரி கேட்டது. உண்மையைப் போட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் சுண்ணாம்பைச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பைச் சொன்னால் பிரகாசியின் பேர் போய்விடும். புது எலும்பும் கிடையாது, பழைய வாயும் கிடையாது. அவர் எட்டு என்று போட்டார். ஊற்றிய அளவு: நாலு சொட்டு.

அதற்குப் பிறகு பொய் சொல்வது பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது. உள்ளே மூடி மூடியாக ஊற்றித் தண்ணீரைச் சரிக்கட்டுவார். போனில் நாலு சொட்டு, எட்டு. மெல்ல மெல்லப் பவளம் அந்த வெள்ளையின் மேல் படர்ந்து மூடியது. கொஞ்ச நாளில் எந்த இடம் என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை. ஆனால் உள்ளே இருக்கிறது, எங்கே போகும்? பிரகாசி அன்றிலிருந்து வெற்றிலையைத் தொடவில்லை. இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அவர் அழுததைப் பார்த்தவள் அவள்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்தார்.

"கடைசியா ஒரு தடவை கேக்குறேன். எப்பவாவது ஆடுச்சா?"

இதுதான் சொல்ல வேண்டிய நேரம் என்று ரெமிஜியுஸுக்கு நன்றாகத் தெரியும். "இல்ல டாக்டர்" என்றார்.

"நீங்க? வெத்தலை கிட்டத்திலயே போகலயே?"

"இல்ல" என்று பிரகாசி தலையை ஆட்டினாள்.

ஒருவர் பொய்யை ஒருவர் கேட்டுக்கொண்டு, இரண்டு பேரும் டாக்டர் மேசையையே பார்த்தபடி இருந்தார்கள். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

தாடை உள்ளே போனது. முகம் திரும்பி வந்தது. வீக்கம் வடிந்து, கட்டுப் பிரித்து, கண்ணாடியைக் காட்டியபோது பிரகாசி தன் கன்னத்தைத் தானே தடவித் தடவிப் பார்த்தாள். பேச்சும் வந்தது. எச்சில் இல்லாமல், காற்று இல்லாமல், முழுப் பேச்சு. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. எதிர்வீட்டுக்காரி தொடை தட்டிச் சொன்னாள், "இனி எங்க கதி அவ்வளவுதான்."

ஆனால் பிரகாசி ஏசவில்லை. மெதுவாகப் பேசினாள். உதட்டைப் பாதிதான் திறந்தாள். பால்காரன் தண்ணீர் கலந்தபோது, "பாத்து ஊத்துய்யா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். பால்காரனே பயந்துபோனான், என்னம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டான். வியாதி ஆளைத் திருத்திவிட்டது, பிரகாசி தங்கமாகிவிட்டாள் என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சை எடுத்தாலே ரெமிஜியுஸ் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒரு நாள் சாப்பிடுகையில் கவனித்தார். மீன் துண்டை வலது பக்கம் ஒதுக்கி ஒதுக்கி மென்றுகொண்டிருந்தாள்.

"ஏன் இடது பக்கம் மெல்ல மாட்டேங்க? வலிக்கா?"

"வலிக்கல."

"பெறவு?"

பிரகாசி நிமிர்ந்து பார்த்தாள். "வெள்ளை விழுந்தத நான்தான் முதல்ல பாத்தேன். நீரு வரதுக்கு முந்தியே விழ ஆரம்பிச்சிட்டு. எத்தன தடவை போன் அடிச்சேன்? சொல்லிச் சொல்லிப் பாத்தேன், உமக்குப் புரியல. தொட்டியத் தொட்டா காலை ஒடிப்பேன்னு வேற சொல்லிட்டுப் போயிருந்தீரு."

ரெமிஜியுஸ் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். "தெரிஞ்சுக்கிட்டேயா உள்ள வைக்க விட்ட? டாக்டர் கேட்டாகள்ல, சொல்லியிருக்கலாமே."

"உம்ம கிட்டதான முதல்ல கேட்டாக. நீரு ஏன் சொல்லல?"

அவள் வலது பக்கமாகவே மென்று முடித்துத் தட்டைக் கழுவப் போனாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனபோது, டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் கூட்டம். அதில் ஹாஜரா உட்கார்ந்திருந்தாள். ரெமிஜியுஸைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டாள். பக்கத்தில் பிரகாசியின் முகத்தைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது.

"மாஷா அல்லாஹ், எப்படி இருக்கு! அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எங்க தொட்டியில நிக்கவே மாட்டேங்குது. நீங்க சொன்ன மாதிரி கொஞ்சமாத்தான் ஊத்துறேன். நாளெல்லாம் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ஆறுக்கு வருது. பயந்துபோயி கொஞ்சம் கூட ஊத்தினா ஒன்பதுக்குப் போகுது. மறுபடி குறைச்சா மறுபடி இறங்குது."

"டாக்டர்ட்ட சொல்லலியா?"

ஹாஜரா குரலைத் தாழ்த்தினாள். "ஊத்துற அளவைக் கூட்டலாமான்னு கேட்டேன். ரெமிஜியுஸ் சாருக்கு நாலு சொட்டுல நின்னுச்சே, நீங்க சரியாப் பாக்கலன்னு சொல்லிட்டாங்க. எங்க பேரை எடுத்துடுவாங்களோன்னு பயம் வந்துட்டு. அதனால நான் எட்டுன்னே போட்டுக்கிட்டு வாரேன். எனக்குத் தெரிஞ்ச நாலஞ்சு பேரும் அப்படித்தான் போடுறாங்க. அடுத்த வாரம் எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். ஒண்ணும் ஆகாதுல்ல அண்ணாச்சி? உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?"

ரெமிஜியுஸ் அவள் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். உள்ளே டாக்டர் இருக்கிறார், கதவு பாதி திறந்திருக்கிறது. இப்போது சொன்னால் என்ன ஆகும்? பிரகாசியைத் திரும்ப மேசையில் கிடத்தி, வைத்ததை எடுத்துவிடுவார்கள். அவள் பேர் ஒழிந்தது, இன்னொரு தாடை கிடைக்காது.

"பொறுமையா இரும்மா" என்றார். "நின்னுரும்."

பக்கத்தில் இருந்த பிரகாசி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குப் பழக்கமானது. பல வருஷம் அதற்குப் பயந்து வாழ்ந்திருக்கிறார். அவள் இடது கன்னத்தில் வைத்திருந்த கையை எடுத்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"பொய் சொல்லுதாரு!"

ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. நர்ஸ் கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது. வாயை முழுதாகத் திறந்து, குழாயடியில் திறந்த அதே வாயைத் திறந்து, பிரகாசி கத்தினாள்.

"நாலு சொட்டுல ஒண்ணும் நிக்கல! நான் வெத்தலைக்கு ஒளிச்சு வச்ச சுண்ணாம்பு அந்தத் தண்ணியில கரைஞ்சுது, அதுல நின்னுது! அதை எடுத்ததும் மொத்தமா விழுந்துட்டு. இவரு ஒரேயடியா ஊத்தினாரு. வெள்ளை விழுந்துது. எட்டு எட்டுன்னு பொய்யாப் போட்டாரு, நானும் சேந்து தலையாட்டினேன்! எம் மோவாக்கட்டையில விரிசல் இருக்கு தாயி! உம் புருஷனுக்கு அந்த எலும்ப வைக்க விடாத! உள்ள போயி ஆறுன்னு சொல்லு, ஒன்பதுன்னு சொல்லு, இருக்கதச் சொல்லு! டாக்டரம்மா! வெளிய வாரும்! வந்து இதக் கேளும்!"

கதவு திறந்து டாக்டர் வந்தார். ஹாஜரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து, ஒரு சொல்லும் விடாமல் பிரகாசியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரெமிஜியுஸ் காதில் மட்டும் ஒரு சொல்லும் ஏறவில்லை. அவள் கத்தக் கத்த, எலும்பு விரிசல் விடுகிற சத்தம் வருகிறதா என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.